தாம்பரம் சானடோரியமும் நலவாழ்வுச் செய்திகளும்

தாம்பரம் சானடோரியம் என்பது சென்னையின் தென் புறநகரில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பகுதியாகும். 1928ஆம் ஆண்டு இங்கு தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையே இப்பகுதிக்கும் இங்குள்ள புறநகர் ரயில் நிலையத்துக்கும் பெயர் தந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளாக, தொற்றுநோய் பற்றி அரசும் மருத்துவர்களும் மக்களுக்குச் சொல்லி வந்த செய்திகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் இப்பகுதியின் வரலாற்றில் காணலாம். மருத்துவ அறிவு மாறியபோது அறிவுரையும் மாறியது. ஆனால் பழைய அறிவுரை மக்கள் மனத்திலிருந்து அவ்வளவு எளிதில் அகலவில்லை. நோயாளியை வீட்டிலிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

நோயின் பெயர்கள்

காசநோய்க்குத் தமிழில் பல பெயர்கள் வழங்கின. க்ஷயரோகம் அல்லது சயரோகம் என்ற வடமொழிச் சொல்லுக்குத் தேய்வு நோய் என்பது பொருள். எலும்புருக்கி நோய், என்புருக்கி நோய் என்ற பெயர்களும் உடல் மெலிந்து உருகுவதையே குறித்தன. பேச்சு வழக்கில் 'டி.பி.' என்ற ஆங்கிலச் சுருக்கம் நிலைத்தது. இன்று அரசு ஆவணங்களில் உள்ள காசநோய் என்ற சொல் இருமலைக் குறிக்கும் 'காசம்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

இப்பெயர்கள் தனித்தனிச் செய்திகளையும் சுமந்தன. உருக்கி, தேய்வு என்ற பெயர்களில் மீட்சிக்கு இடமில்லை. காசநோய் என்ற பெயர் நோயின் வெளிப்படையான அறிகுறியைச் சுட்டுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்ற இன்றைய அறிவிப்பு இப்பெயரோடு இயல்பாகப் பொருந்துகிறது.

சானடோரியம் தோன்றிய காலம்

1882இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. நெரிசலான நகரத்திலிருந்து விலகி, மலையடிவாரங்களில் சானடோரியங்கள் அமைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து பரவியது.

தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கிய மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தில் இத்தகைய ஒரு நிலையத்தை நடத்தியவர். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் 1917இல் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்ற கேள்வியைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். ஆயினும் அக்காலச் சிகிச்சை முறையின் இயல்பை அந்நிகழ்வு காட்டுகிறது. நோயாளி தன் சூழலிலிருந்து விலகி, தொலைவில் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும்.

சௌரிமுத்து 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு தனியார் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்றைய தாம்பரம் நகரத்துக்கு வெளியே இருந்த ஊர். 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் சானடோரியம் அரசின் வசம் வந்தது. பின்னர் படிப்படியாக விரிவடைந்து, 1980களில் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை எனப் பெயர் மாற்றப்பட்டது.

சானடோரியம் என்ற அமைப்பே ஒரு செய்தியாக இருந்தது. சுவரொட்டியும் வானொலியும் இல்லாமலே அது மக்களுக்கு இரண்டு கருத்துகளைச் சொன்னது. இந்நோயைத் தீர்க்க முடியும் என்பது ஒன்று. அதற்கு நோயாளி ஊரைவிட்டு விலகி இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. முதல் கருத்து நம்பிக்கை தந்தது. இரண்டாவது கருத்து அச்சத்தை வளர்த்தது. ஒரு வீட்டில் யாரேனும் சானடோரியத்தில் இருக்கிறார் என்பது வெளியில் சொல்லத் தயங்கும் செய்தியானது. திருமணப் பேச்சிலும் வேலை தேடும்போதும் அது மறைக்கப்பட்டது.

தடுப்பூசியும் எதிர்ப்பும்

1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி அறிமுகமானது. அதைத் தயாரிக்கும் ஆய்வகம் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனத்தில் அமைக்கப்பட்டது. 1951 முதல் நாடு முழுவதும் பெருந்திரள் தடுப்பூசி இயக்கம் நடந்தது.

இந்த இயக்கத்துக்கு வலுவான எதிர்ப்பு சென்னை மாகாணத்திலிருந்தே எழுந்தது. சென்னை மாநகராட்சியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஏ. வி. ராமன் தடுப்பூசியை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். முன்னாள் முதலமைச்சர் ராஜாஜி 1955இல் தம் எதிர்ப்புக்கான காரணங்களை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நோயற்ற குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது சரியா, அதன் பயன் போதிய அளவு நிறுவப்பட்டுள்ளதா, பெற்றோரின் ஒப்புதல் முறையாகப் பெறப்படுகிறதா என்பவை அன்று எழுந்த முக்கியமான கேள்விகள். வறுமையும் சத்துக்குறைவும் நெரிசலான வீடுகளும்தான் நோயின் வேர்கள், அவற்றைச் சரிசெய்யாமல் ஊசி போடுவதில் பயனில்லை என்ற வாதமும் வைக்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் தடுப்பூசியை ஆதரித்தார். சென்னை மாகாணத்தில் இயக்கத்தின் வேகம் குறைந்தாலும் தேசிய அளவில் அது தொடர்ந்தது.

இந்தச் சர்ச்சை வெறும் அறியாமையால் எழுந்தது என்று தள்ளிவிட முடியாது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசியும் மற்றவர்களுக்குப் போலி ஊசியும் போடப்பட்டன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பும் இதையே உறுதி செய்தது. அதே வேளையில், சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து இத்தடுப்பூசி காக்கிறது என்பதற்குப் பிற ஆய்வுகளில் சான்று உண்டு. அதனால்தான் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது.

இங்கு செய்தித் தொடர்பின் சிக்கல் தெளிவாகிறது. 'போட்டால் நோய் வராது' என்பது எளிய செய்தி, ஆனால் முழு உண்மை அன்று. 'குழந்தையின் உயிரைக் கடும் நோயிலிருந்து காக்கும், பெரியவரான பிறகு வரும் நோயைத் தடுக்கும் என்று சொல்ல இயலாது' என்பதே உண்மை. இதைச் சுவரில் எழுதுவது கடினம். எளிய செய்தியின் பின்னால் இருந்த இடைவெளியைத்தான் எதிர்ப்பாளர்கள் பயன்படுத்தினர்.

வீட்டிலேயே சிகிச்சை

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளும், 1952இல் ஐசோனியசிட் மருந்தும் வந்தன. காசநோயை மருந்தால் தீர்க்க முடியும் என்ற நிலை உருவானது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோருக்கும் படுக்கை தருவது நடவாத காரியம்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்து செயல்பட்டன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் இதன் தொடக்க காலத் தலைமையை ஏற்றார். நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கி மருந்து உட்கொண்டனர். மற்றவர்கள் அதே மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டனர்.

1959இல் வெளியான முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, வீட்டில் இட நெருக்கடி. இருந்தும் அவர்கள் குணமான அளவு சானடோரியத்தில் இருந்தவர்களின் அளவுக்கு அருகிலேயே இருந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. நோயாளிக்குச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது. ஆகவே நோயாளியை வீட்டைவிட்டு அகற்றுவதால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு என்பது தெரியவந்தது.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. உலகின் பல நாடுகளும் சானடோரியங்களை மெல்லக் கைவிட்டன. தாம்பரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருந்த சேத்துப்பட்டில் நடந்த ஆய்வே, தாம்பரம் போன்ற நிலையங்கள் எந்தக் கொள்கையில் எழுந்தனவோ அந்தக் கொள்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

மருந்தை நிறுத்தாதிருத்தல்

வீட்டுச் சிகிச்சை புதியதொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் இருமலும் குறைந்துவிடும். உடல் தேறியதாகத் தோன்றும். அந்நிலையில் பலர் மருந்தை நிறுத்திவிடுவர். அதன்பின் நோய் மீண்டும் வரும், மருந்துக்குக் கட்டுப்படாத வடிவத்தில் வரவும் கூடும்.

சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே கவனித்தனர். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர்ப் பரிசோதனை மூலம் மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். மருந்தை நேரில் பார்த்துக் கொடுக்கும் முறையையும், வாரத்துக்கு இருமுறை மட்டும் கொடுக்கும் முறையையும் 1960களில் ஆராய்ந்தனர். பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் 1990களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இந்த ஆய்வுகள் அடித்தளமாயின.

இக்கட்டத்தில் நலவாழ்வுச் செய்தியின் தன்மையே மாறியது. முன்பு செய்தி ஊர் மக்களை நோக்கியதாக இருந்தது. இப்போது அது ஒரு தனி மனிதரை நோக்கி, மாதக்கணக்கில், திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டியதாயிற்று. இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் தினக்கூலி வேலையை விட்டு மருந்து வாங்க வரும் ஒருவருக்கு அது ஒரு நாள் சம்பளத்தின் இழப்பு. செய்தி தெரிந்திருந்தும் பின்பற்ற முடியாத நிலை இருந்ததால், வீட்டுக்கு அருகே மருந்து கிடைக்கச் செய்வதும் செய்தித் தொடர்பின் ஒரு பகுதியாயிற்று.

எச்.ஐ.வி. காலம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று இருப்பதைக் கண்டறிந்தனர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எளிதில் வரும் நோய்களில் காசநோய் முதன்மையானது. அதனால் 1990களின் தொடக்கத்திலிருந்து தாம்பரம் மருத்துவமனைக்கு எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கினர். பிற இடங்களில் சேர்த்துக்கொள்ளத் தயக்கம் இருந்த காலத்தில் இங்கு அவர்களுக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவமனைகளில் ஒன்றாக அது ஆனது.

கூட்டு மருந்து எட்டாத விலையில் இருந்த அக்காலத்தில், மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்த செ. நெ. தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் பயன்படுத்தினார். இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகியவை நோயாளிகளுக்குத் தரப்பட்டன. இவை கூட்டு மருந்துக்கு மாற்று என்று நிறுவப்படவில்லை. ஆனால் 'உங்களுக்குத் தர இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது' என்ற உறுதி, கைவிடப்பட்டதாக உணர்ந்த பலரை மருத்துவமனையோடு பிணைத்து வைத்தது.

தொடக்ககால எய்ட்ஸ் விளம்பரங்கள் அச்சத்தை அடிப்படையாகக் கொண்டவை. மண்டையோட்டுப் படங்களும், சிகிச்சையே இல்லாத உயிர்க்கொல்லி நோய் என்ற வாசகமும் பேருந்து நிலையங்களிலும் சுவர்களிலும் இடம்பெற்றன. இவற்றால் நோயின் பெயர் எங்கும் தெரிந்தது. கூடவே, நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான அச்சமும் வலுப்பட்டது. சானடோரியம் காலத்தில் உருவான விலக்கல் மனப்பான்மை புதிய நோயின் மேல் அப்படியே படிந்தது. ஏற்கெனவே 'டி.பி. ஆஸ்பத்திரி' என்று அஞ்சப்பட்ட இடம் எய்ட்ஸ் மருத்துவமனை என்ற இரண்டாவது பெயரையும் சுமக்க நேர்ந்தது.

1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவதான இந்த அமைப்பு முறையைப் பின்னர் பிற மாநிலங்களும் பின்பற்றின. சென்னையின் தென்பகுதியில் தரமணியில் உள்ள தன்னார்வ நலவாழ்வு அமைப்பான வி.எச்.எஸ். மருத்துவமனையின் கீழ் 1995இல் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. இத்திட்டம் சுவரொட்டி ஒட்டுவதோடு நிற்கவில்லை. லாரி ஓட்டுநர்கள், உதவியாளர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் ஆண்டுதோறும் நடத்தை ஆய்வு நடத்தியது. ஆணுறை பற்றித் தெரியுமா என்று கேட்பதோடு, கடைசி முறை பயன்படுத்தினீர்களா என்றும் கேட்டது. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள தொலைவை அளந்தது இதன் சிறப்பு. நெடுஞ்சாலை நிறுத்தங்களில் சக ஓட்டுநர்களே பேசும் முறை, தேநீர்க் கடைகளில் ஆணுறை கிடைக்கச் செய்தல் போன்றவை இத்தகைய ஆய்வுகளின் துணையோடு வளர்ந்தன.

2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் தமிழகமெங்கும் பேச்சானது. விடை சொல்லாமல் கேள்வியை மட்டும் வைத்தது அதன் உத்தி. அது வீட்டிலும் தேநீர்க் கடையிலும் இந்நோய் பற்றிப் பேசும் வாய்ப்பை உருவாக்கியது. அதே வேளையில், 'புள்ளிராஜா' என்பது கேலிப் பெயராகவும் மாறியது. பேச வைப்பதும் பரிவை வளர்ப்பதும் வேறு வேறு என்பதை இது காட்டியது.

பேசுபவர் மாறியபோது

1997இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோரின் இந்தியக் கூட்டமைப்பும், அடுத்த ஆண்டில் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பும் உருவாயின. நோயைப் பற்றி இதுவரை மற்றவர்கள் பேசியிருந்தனர். இப்போது நோய் உள்ளவர்களே மேடையேறிப் பேசினர். கணவரிடமிருந்து தொற்றைப் பெற்ற மனைவியரின் நிலை இவ்வாறுதான் பொதுவெளிக்கு வந்தது.

2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மரணம் பற்றிய செய்தி வாழ்க்கை பற்றிய செய்தியாக மாற அது வழிவகுத்தது. பரிசோதனை மையங்களுக்குத் தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' என்று பெயரிடப்பட்டதும் இந்த மாற்றத்தின் அடையாளம். முறையாக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து பாலுறவின் வழியே தொற்று பரவாது என்பது இன்று உறுதியாகியுள்ளது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றி அவருடைய தொற்று நிலையை வெளிப்படுத்துவதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் என வேலைவாய்ப்பு பெருகிய இப்புறநகரில், பணியிடத்துக்கும் பொருந்தும் இச்சட்டத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கணினியும் கைபேசியும்

2012இல் காசநோயைக் கண்டறியும் ஒவ்வொரு மருத்துவரும், தனியார் மருத்துவர் உட்பட, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அதே ஆண்டில் 'நிக்ஷய்' என்ற இணையப் பதிவேடு தொடங்கியது. காகிதப் பதிவேடுகளில் எழுதி வந்த சுகாதாரப் பணியாளர்கள் கணினியில் பதியத் தொடங்கினர். ஒருவர் சென்னையில் சிகிச்சையைத் தொடங்கிச் சொந்த ஊருக்குச் சென்றாலும் அவரைத் தொடர்ந்து கவனிக்க இது உதவியது. மாத்திரை உறையைப் பிரித்தால் தெரியும் எண்ணுக்கு 'மிஸ்டு கால்' கொடுத்து மருந்து உட்கொண்டதைத் தெரிவிக்கும் முறையும் இந்தியாவில் பயன்பட்டது. 2018 முதல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது. 2024 நவம்பரில் இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமையைச் சரிசெய்யாமல் ஊசி மட்டும் போதுமா என்று 1950களில் எழுந்த கேள்விக்கு இது ஓரளவு பதில்.

2022இல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகிய எளிய அளவுகளைக் கொண்டு, கடுமையாக நோயுற்றவர்களை முதல் நாளிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது இதன் வழிமுறை. எல்லோரையும் படுக்கையில் வைத்த சானடோரியம் காலத்துக்கும், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிற்காலத்துக்கும் இடைப்பட்ட வழி இது. படுக்கை யாருக்கு உயிர்காக்கும் என்று பார்த்து, அவருக்கு மட்டும் அதைத் தருகிறது.

இன்றைய நிலை

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, கைபேசியில் எண்ணை அழுத்தியதும் இருமல் ஒலியோடு ஓர் அறிவிப்பு கேட்டது. நாம் போராட வேண்டியது நோயோடுதான், நோயாளியோடு அன்று என்ற கருத்து அக்கால அறிவிப்புகளில் இருந்தது. இருந்தும் அவ்வாண்டில் நோயுற்றவர்களின் வீடுகள் தகரத்தால் அடைக்கப்பட்டன. செய்தி ஒன்றைச் சொல்ல, நடவடிக்கை வேறொன்றைச் சொன்னது. மக்கள் கண்ணால் கண்டதையே நம்பினர்.

இப்போது தாம்பரம் மருத்துவமனையை ஒட்டி, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்த வளாகத்தைச் சுற்றி நகரம் நெருங்கிவிட்டது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. ரயில் நிலையத்தின் பெயரில் உள்ள சானடோரியம் என்ற சொல் பயணிகள் பலருக்கு இன்று வெறும் ஊர்ப்பெயர். ஆனால் காசநோய் உறுதியானதும் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. காசநோய் தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை, காற்றின் வழியாகவே பரவுகிறது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் நிறுவப்பட்ட உண்மை, நோயாளியின் வீட்டுச் சமையலறை வரை இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை.